யவீருவின் வீட்டுக்கு வெளியே

பிப்ரவரி 10

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. தேவகிருபையால் நானும் உன் அண்ணியும் சுகம். அண்ணிக்கு மூட்டுவலி மட்டும் விட்டபாடில்லை. நீயும் மாப்பிள்ளையும் உன் மகள், நம் செல்ல மிளகும் சுகமாயிருப்பீர்கள் என்று விசுவாசிக்கிறேன்.

போன வாரக் கூட்டம் இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. எள் விழ இடமில்லாத மண்டபம். மிளகை நான் மேடைக்குத் தூக்கி வந்து, நெஞ்சின்மேல் கைவைத்து, “இந்தப் பிள்ளையின் இருதயத்தில் இருந்த ஓட்டை இந்த நேரத்தில் மூடிற்று” என்று அறிவித்தபோது எழுந்த சத்தம் தெருக்கோடிக்குக் கேட்டதாம். மாப்பிள்ளை தரையில் விழுந்து அழுதார். அவள் முகம் எப்படிச் சிவந்து பொலிந்தது, பார்த்தாயல்லவா? யவீருவின் மகள் கதையை நான் தூக்கத்தில்கூடப் பிரசங்கிப்பேன். அதை என் வீட்டிலேயே பார்க்கக் கொடுத்துவைத்தேன்.

ஒரு வேலை உனக்கு. சபையின் மாத இதழுக்கு, நடந்த அற்புதத்தைச் சொல்லி நீ ஒரு சாட்சி எழுத வேண்டும். தாய் எழுதினால் அதன் பலமே தனி. மிளகின் படம் ஒன்றும் சேர்த்துக் கையோடு அனுப்பு.

கிறிஸ்துவின் அன்பில்,
அண்ணன்

* * *

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருக்கிறோம். அண்ணியின் மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஜெபித்தும் போகாத வலி அது ஒன்றுதான் போல.

இனிமேல் பதிலை என் கம்பெனி முகவரிக்குப் போடுங்கள். போனில் பேசலாம்தான். ஆனால் அங்கே உங்கள் போனை எடுப்பது சபைத் தம்பி. இங்கே என் போனை ஸ்பீக்கரில் போடுவது உங்கள் மாப்பிள்ளை. இரண்டு பக்கமும் ஆமென் சொல்ல ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை.

எனக்குச் சட்டை பரிசோதிக்கும் மேஜையில்தான் இன்னும் வேலை. பள்ளிச் சீருடைக்காக நாள் முழுக்கக் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். மிளகு பள்ளிக்குப் போகிறாள். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் புறா எண்ணுகிறாள். எவ்வளவு நேரமானாலும் எண்ணி முடிவதில்லை. நம் வீட்டைச் சுற்றி அத்தனை புறா இருப்பது எனக்கு இதுவரை தெரியாது.

அன்றைக்கு, “மாமா சொல்ற கதையைச் சொல்லும்மா” என்றாள். சொன்னேன். யவீரு ஜெபஆலயத் தலைவன், மகள் சாகக் கிடக்கிறாள், அவன் ஓடிப்போய் இயேசுவின் காலில் விழுகிறான். அவர் கிளம்புகிறார். வழியில் நோயாளிப் பெண் ஒருத்தி அவர் வஸ்திரத்தைத் தொட, அங்கே நிற்க வேண்டியதாகிறது. அதற்குள் பிள்ளை செத்துப்போனாள் என்று ஆள் வந்து சொல்கிறான். ஆனாலும் அவர் வீட்டுக்குப் போய், கையைப் பிடித்து எழுப்புகிறார். பிறகு, இவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார்.

“அதை ஏம்மா அவர் சொல்லணும்? அங்க இருந்த பெரியவங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டாள்.

“சந்தோஷத்துல மறந்துட்டாங்க போல.”

“சந்தோஷத்துல பிள்ளையை மறப்பாங்களா?”

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். சாட்சி எழுத இப்போது நேரமில்லை, கம்பெனியில் ஓவர்டைம்.

தங்கை

* * *

மார்ச் 15

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். உங்கள் மூவரின் சுகத்துக்காகச் சபையாரும் தினமும் துதிக்கிறார்கள்.

மிளகின் கேள்விக்குப் பதில் சுலபம். ஆவி சாப்பிடாது. அவள் மெய்யாகவே உயிரோடு எழுந்தாள் என்று எல்லாரும் அறியவே அவர் ஆகாரம் கொடுக்கச் சொன்னார். அவளுக்கு இதை விளக்கிச் சொல்.

உனக்கு ஓவர்டைம் என்றதால் சாட்சியை நானே உன் பெயரில் எழுதிவிட்டேன். படத்தை மாப்பிள்ளை அனுப்பிவைத்தார். இதழ் அச்சாகி வந்துவிட்டது, ஒன்று இணைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தின் சுவரொட்டியிலும் அவள் முகம்தான். ஊரே மிளகு மிளகு என்கிறது. மூத்த போதகர் நேரில் பாராட்டினார்.

சந்தேகத்துக்கு ஒரு ஜன்னலைக்கூடத் திறந்து வைக்காதே.

அண்ணன்

* * *

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நான் எழுதாத என் சாட்சியைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். அழுத இடங்கள்கூட அப்படியே இருக்கின்றன.

கூட்டம் முடிந்த வாரமே அவளை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். உங்கள் மாப்பிள்ளைக்குப் பல் டாக்டர் என்று சொல்லியிருந்தேன். அப்போதே ஓட்டை தெரிந்தது. போன வாரம் மறுபடி போனேன். டாக்டரம்மா படத்தை எனக்கும் காட்டினார். “மூடல. கொஞ்சம்கூட மூடல. நுரையீரலுக்குப் போற ரத்தத்தோட அழுத்தம் ஏறிக்கிட்டே வருது. இப்ப ஆபரேஷன் பண்ணினா ஓட்டையை அடைச்சிடலாம். அழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டிட்டா அப்புறம் அடைக்கவே கூடாது, உயிருக்கே ஆபத்து. அந்த எல்லைக்குப் பக்கத்துல வந்துட்டா. தள்ளிப் போடாதீங்க” என்றார்.

அன்று மேடையில் அவள் முகம் சிவந்தது நிஜம். அத்தனை பேர் உற்றுப் பார்த்தால் யாருக்கும் சிவக்கும்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தவில்லை. தான் ஓட்டுகிற வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “ஆயிடுச்சுன்னு சொன்னது மச்சான். ஆகலைன்னா அதையும் அவரே சொல்லட்டும், கையெழுத்துப் போடுறேன். அதுக்கு முன்னாடி கத்தி வைக்க விட்டா, குடுத்ததை ஆண்டவர் மூஞ்சியில விட்டெறிஞ்ச மாதிரி ஆயிடும். அப்புறம் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அது என் தலையில.” அப்பா கையெழுத்தில்லாமல் அந்த ஆஸ்பத்திரியில் தொடமாட்டார்கள். அவரை நான் குறை சொல்லவில்லை. வேலை முடிந்து வந்ததும் அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கிறார். என்ன கேட்டது என்று மட்டும் சொல்வதில்லை.

அண்ணா, எனக்கு ஒரு வரி போதும். “மூடவில்லை, ஆபரேஷன் செய்யுங்கள்” என்று அவர் பெயருக்கு உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். நாள் போகிறது.

தங்கை

* * *

மே 4

அண்ணனுக்கு,

சுகமா? சுகமாகத்தான் இருப்பாய். சுவரொட்டி எங்கள் தெருமுனை வரை வந்துவிட்டது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் என் பிள்ளை சுவரிலிருந்து சிரிக்கிறாள்.

என் கடிதம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. கம்பெனி வாசலில் நான் காத்து நிற்பதைப் பார்த்துப் பார்த்துத் தபால்காரரே சங்கடப்படுகிறார். தூரத்திலேயே தலையாட்டிவிட்டுப் போகிறார்.

ஒரு வரிதான் கேட்டேன்.

தங்கை

* * *

மே 20

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

சமாதானம் உண்டாவதாக. ஊழிய அலைச்சலில் பதில் தாமதமாயிற்று. அண்ணி உன்னை விசாரித்தாள்.

உன் கலக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் யவீருவை நினைத்துப் பார். மகள் சாகக் கிடக்கும்போது, நடு வழியில் இயேசு இன்னொரு பெண்ணுக்காக நின்றுவிட்டார். அந்த நேரத்தில் யவீருவின் மனம் எப்படித் துடித்திருக்கும்! ஆனாலும் அவன் முறுமுறுத்ததாக ஒரு வார்த்தை எழுதியிருக்கிறதா? காத்திருந்தான். பெற்றுக்கொண்டான். தேவனுடைய தாமதம் மறுப்பல்ல. சுகம் சிலருக்குப் படிப்படியாக வெளிப்படும். கருவிகள் எல்லாவற்றையும் காட்டிவிடுவதில்லை.

மாப்பிள்ளைக்கு எழுதுவதைப் பற்றி ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். என் ஊழியத்தைப் பற்றி மேலிடத்தில் சில காரியங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. இந்த நேரத்தில் அவசரப்பட்டு ஒன்றைச் சொல்லிவிட்டால் பலவீனமான ஆத்துமாக்கள் இடறிப்போவார்கள். ஜூன் கடைசி ஞாயிறு மூத்த போதகர் நம் சபைக்கு வருகிறார். மிளகைக் கூட்டி வா. சும்மா மேடையில் வந்து நின்றால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்

* * *

ஜூன் 2

அண்ணா,

நலம் விசாரிப்பதை இந்த ஒரு கடிதத்தில் விட்டுவிடுவோம்.

நேற்று மிளகு பள்ளிப் படியில் விழுந்தாள். டீச்சர் தூக்கி வந்தபோது உதடு நீலமாயிருந்ததாம். நான் போய்ச் சேர்ந்ததும் என் காதுக்குள் அவள் சொன்ன முதல் பேச்சு இதுதான்: “மாமாகிட்ட சொல்லாதம்மா. அவர் சொன்னது பொய்யாயிடும்.”

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. புறாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்துகொள்கிறாள். கேட்டால் புறா என்கிறாள். விளையாட்டில் ஓடச் சொன்னால் கால்வலி என்கிறாளாம். தலைகாணியை மடித்து வைத்துத் தூங்குவது எதற்கென்று இப்போதுதான் புரிகிறது. உன் வார்த்தையைக் காப்பாற்ற, ஒன்பது வயசுப் பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். காலரில் ஒரு நூல் பிசிறைக் கண்டுபிடிக்கிற எனக்கு இது கண்ணில் படவில்லை.

காத்திரு என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த அதிகாரத்தை நேற்று மறுபடி வாசித்தேன். சின்ன வயசிலிருந்து தலைகீழாகத் தெரிந்த கதை. ஆனால் உன் குரலில்தான் எனக்குத் தெரிந்திருந்தது. நேற்றுத்தான் உன் குரல் இல்லாமல் படித்தேன். இயேசு வழியில் நின்றது ஒரு நோயாளிக்காக. அவள் சுகமானதும் நடந்துவிட்டார். நீ யாருக்காக நிற்கிறாய்?

இன்னொன்று. உன் பிரசங்கம் எப்போதும் அவள் எழுந்து நடப்பதோடு முடிந்துவிடும். அதற்கு முன்னால் அவர் என்ன செய்தார் என்று பார். வீட்டில் கூடியிருந்தவர்களை வெளியே அனுப்பினார். தகப்பன், தாய், தன்னோடு வந்த மூன்று சீஷர், அவ்வளவுதான் உள்ளே. எழுப்பின பிறகு, இதை யாரும் அறியக் கூடாது என்று உறுதியாகச் சொன்னார். அப்புறம்தான் சாப்பாடு. ஆவி சாப்பிடாது, அது இது என்று எனக்கு விளக்கம் எழுதினாய். ஊருக்கு நிரூபிக்கக் கொடுத்த சாப்பாடு என்றால், ஊருக்குத் தெரியக் கூடாது என்று அவர் ஏன் சொல்ல வேண்டும்? மிளகு கேட்டதுதான் சரி. அங்கே இருந்த எல்லாரும் அதிசயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவளுக்குப் பசிக்குமே என்று நினைத்தவரும், நாளைக்கு அவள் தெருவில் வேடிக்கைப் பொருளாகிவிடக் கூடாதே என்று நினைத்தவரும் அவர் ஒருவர்தான்.

நீயும் கையைப் பிடித்தாய். ஆனால் அவர் வெளியே அனுப்பின கூட்டத்தை நீ வாசலில் நின்று உள்ளே அழைத்தாய். சுவரில் வேறு ஒட்டினாய்.

மேடைக்கு என் பிள்ளை வரமாட்டாள். நீ எழுதுவாயோ எழுதமாட்டாயோ, இனிமேல் கேட்கமாட்டேன். மாப்பிள்ளை இன்னும் உன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவளுக்கு ஏதாவது ஆனால், எனக்கு அண்ணன் என்று ஒருவன் இருந்ததையே மறந்துவிடுவேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே, அதுதான் நடக்கும்.

* * *

ஜூலை 1

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் தங்கைக்கும்,

இந்த முறை வீட்டு முகவரிக்கே எழுதுகிறேன். சேர்ந்து படியுங்கள்.

முதலில் படிக்க வேண்டியது இது. மிளகின் இருதயத்து ஓட்டை மூடவில்லை. மூடிற்று என்று ஆண்டவர் என்னிடம் சொல்லவில்லை. அன்று கூட்டம் என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தது, நான் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை, கையெழுத்துப் போடுங்கள். இன்றைக்கே போடுங்கள். உங்கள் விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் நம்பினது என் பேச்சை, அதில்தான் கோளாறு.

தங்கச்சி, உன் கடிதம் வந்த அன்று கோபத்தில் அதை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு, மூத்த போதகர் வரும் ஞாயிறுக்குப் பிரசங்கம் தயாரிக்க உட்கார்ந்தேன். அதே யவீரு. எழுத வரவில்லை. ஒவ்வொரு வரியிலும் மிளகு படியில் உட்கார்ந்திருந்தாள். மாமாகிட்ட சொல்லாதே என்று அவள் சொன்னதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனை வருஷமும் அந்த அறையில் இயேசு நின்ற இடத்தில் நின்றுதான் நான் பிரசங்கித்திருக்கிறேன். கையைப் பிடிக்கிறவன் நான், எழுந்திரு என்கிறவன் நான். எனக்கே அது தெரியாது. இந்த முறை கதைக்குள் என் இடம் எது என்று தேடினேன். யவீருவாக இருக்கலாமா என்று ஆசைப்பட்டேன். அவனும் ஜெபஆலயத்தில் முன்வரிசை ஆள்தான். ஆனால் பிள்ளைக்காக, தன்னைத் தெரிந்தவர்கள் அத்தனை பேர் பார்க்கக் காலில் விழுந்தான். நான் விழவில்லை. கடைசியில் வீட்டு வாசலில் என்னைக் கண்டுபிடித்தேன். அங்கே அழுது சத்தம்போட்டுக்கொண்டிருந்தார்களே, அந்தக் கூட்டத்தில். கெட்டவர்கள் என்று அவர்களைப் பற்றி எழுதவில்லை. அந்த வீட்டுக்கு வேண்டியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஆனால் பிள்ளை எழுந்திருக்க வேண்டுமென்றால் அவர்கள் வெளியே போக வேண்டியிருந்தது.

ஞாயிறு அதைத்தான் சொன்னேன். இதழில் வந்த சாட்சியை எழுதியது தாய் அல்ல, நான் என்றும் சொன்னேன். கொஞ்சப் பேர் எழுந்து போனார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா, “அப்ப எனக்கு ஜெபிச்சதும் பொய்யா ஐயா?” என்று கேட்டாள். மாத்திரையை நிறுத்தாதீர்கள் அம்மா என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. மூத்த போதகர் நேராகப் போய்க் காரில் ஏறினார். மறுநாள், கொஞ்ச காலம் ஓய்வெடுங்கள் என்று செய்தி வந்தது.

தேவனுடைய தாமதம் என்று உனக்கு எழுதினேன். அது முழுக்க என்னுடைய தாமதம்.

ஆபரேஷன் நாள் தெரிந்தால் எழுது. அண்ணியும் நானும் வருகிறோம்.

அண்ணன்

* * *

ஜூலை 14

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் மாப்பிள்ளை அதை நின்றபடியே படித்தார். பிறகு வேன் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனார். தெருமுனைச் சுவரில் இருந்த சுவரொட்டியை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வந்தார். பசை விடவில்லை போல, விரலெல்லாம் ரத்தம். அந்தக் கையோடுதான் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

டாக்டரம்மாவுக்கு என்மேல் கோபம். “ஏப்ரல்லயே கையெழுத்தோட வந்திருந்தா யோசிக்காம ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருப்பேன்” என்றார். அழுத்தம் இன்னும் ஏறியிருக்கிறதாம். முதலில் காலில் இருக்கிற ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு அளந்து பார்ப்பார்கள். எல்லைக்குள் இருந்தால் ஆபரேஷன். தாண்டியிருந்தால் மருந்து மட்டும், அவ்வளவுதான். அடுத்த வாரம் அளக்கிறார்கள்.

நீ வர வேண்டாம். தகப்பனும் தாயும் இருக்கிறோம், போதும். உன்னைத் தண்டிக்க இதை எழுதவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் மிளகு மறுபடி மூச்சை அடக்கிக்கொண்டு, சரியாயிட்டேன் என்பாள்.

தங்கை

* * *

ஜூலை 22

தங்கச்சி,

நாங்கள் இருக்கிறோம். நான் வரவில்லை.

ஜெபிக்கிறேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஜெபிக்கிறேன். சத்தமில்லாமல். அண்ணிக்கே கேட்பதில்லை.

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. தபால்காரரை நானும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் அவர் தூரத்திலேயே தலையாட்டிவிட்டுப் போகிறார்.

அண்ணன்

* * *

ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? உனக்குச் சோறு இறங்குகிறதா?

அளந்து பார்த்தார்கள். எல்லையைத் தொட்டுவிட்டது, தாண்டவில்லை என்றார் டாக்டரம்மா. அன்றைக்கே அவளைப் படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். ஆபரேஷன் அன்று உங்கள் மாப்பிள்ளையும் நானும் அந்த நீள நடைக்கூடத்தில் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்து, முகமூடியை இறக்கிவிட்டு, “அடைச்சாச்சு. இனிமே அழுத்தம் இறங்கணும், வருஷக்கணக்கா பார்த்துக்கணும்” என்றார். நான் அழுதேன். உங்கள் மாப்பிள்ளை இந்த முறை தரையில் விழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு நாள் கழித்து மூச்சுக் குழாயை எடுத்தார்கள். எங்களை உள்ளே விட்டார்கள். நான் அவள் உதட்டின் நிறத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மானிட்டர் பெட்டியில் ஓடுகிற எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“பசிக்குதும்மா.”

“சாப்பிட ஏதாவது குடுங்க” என்று நர்ஸ் சொல்லித்தான் எங்களுக்கே உறைத்தது. கையில் ஒன்றும் கொண்டுபோயிருக்கவில்லை அண்ணா. பிள்ளை கேட்பாள் என்று அந்தக் கதையை அவ்வளவு அலசிய எனக்கே தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமா எங்கே என்று கேட்கிறாள். நேற்று அவளே சொன்னாள், “மாமா வந்தா நான் மூச்சு வாங்கினாலும் பரவாயில்லையாம்மா?” பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். அதை நீ வந்து உன் வாயால் சொல்ல வேண்டும்.

அதனால் வா. உங்கள் மாப்பிள்ளை கதவைத் திறப்பார், பேசமாட்டார். அவரைத் தாண்டி உள்ளே வா. யவீரு வீட்டில் அந்த அறைக்குள் மூன்று சீஷரையும் இயேசு கூட்டிப்போனாரே, அவர்கள் ஒரு வார்த்தை பேசியதாக எழுதியிருக்கிறதா பார். நானும் தேடிப் பார்த்தேன், இல்லை. அப்படி வந்து நிற்க முடியுமென்றால் வா.

அவித்த முட்டை கேட்கிறாள். அண்ணியிடம் சொல்லி நாலைந்து அவித்துக் கொண்டு வா. உப்பு நான் வைத்திருக்கிறேன்.

தங்கச்சி